ஐசுவரியவான்: தமிழ் விவிலியச் சொல்லொன்றின் தோற்றமும் பொருளும் (கொங்குநாட்டு உடைமைச் சொற்களை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் செல்வமுடையவனைச் சுட்டப் பெரிதும் ஆளப்படும் சொல் ‘ஐசுவரியவான்’ என்பதாகும். ‘செல்வன்’ என்னும் பொருள் மட்டுமே இன்று அதற்கு உணரப்படுகிறது. ‘ஈசுவரன்’ என்னும் சொல்லினின்று பிறந்த இச்சொல் முதலில் ஆளுந்தன்மையைக் குறித்து, பின்னரே உடைமையைக் குறித்தது. விவிலியத் தமிழில் இறைவனைச் சுட்டும் சொல்லிலிருந்து ‘ஈசுவரன்’ படிப்படியாக விலக்கப்பட்டபோதும், செல்வனைச் சுட்டும் சொல்லுக்குள் அது தங்கிவிட்டது. இச்சொல்லின் ஆக்கத்தையும் பொருள் வரலாற்றையும் ஆராய்ந்து, பழைய மொழிபெயர்ப்பில் அது பிற செல்வச் சொற்களோடு பங்கிட்டு ஆளப்படும் முறையைக் காட்டி, கொங்குநாட்டு உடைமைச் சொற்களோடு ஒப்பிட்டு அதன் பொருளை வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஐசுவரியவான், செல்வர், சீமான், ஈசுவரன், விவிலிய மொழிபெயர்ப்பு, கொங்கு வழக்கு, உடைமை, ஆட்சி

முன்னுரை

ஒரு சமயநூல் வேற்றுமொழிக்குள் வரும்போது அதன் இறைப்பெயர்களே பெரும் விவாதத்துக்கு உள்ளாகின்றன. தமிழ் விவிலிய ஆய்வுகளும் இறைவன், ஆவி, மீட்பு, திருச்சபை முதலான சமயக் கலைச்சொற்களையே மிகுதியும் ஆராய்ந்துள்ளன. சமூக நிலையைச் சுட்டும் சொற்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆயின் உவமைகளும் அறவுரைகளும் நிகழும் களம் சமூகமே. நிலமுடையவன், கூலியாள், கடன்பட்டவன், கண்காணிப்பாளன், இரவலன் ஆகியோரே அவற்றின் மாந்தர். இவர்களைச் சுட்டும் சொல் எதுவோ அதைப் பொறுத்தே கேட்பவர் மனத்தில் அக்கதை இடம்பெறுகிறது.

‘ஐசுவரியவான்’ என்னும் சொல் தமிழ்க் கிறித்தவர் வழக்கில் நன்கு பழகியது. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் ‘ஐசுவரியவானும் லாசருவும்’ என்னும் கதைத்தலைப்பு அதற்கு ஒரு நிலைத்த வடிவம் தந்துவிட்டது. கோயம்புத்தூரில் 1830இல் வில்லியம் ஆடிஸ் தொடங்கிய இலண்டன் மிஷன் பணி பின்னர் ஈரோட்டுப் பகுதிக்கும் பரவியது. ஈரோட்டிலுள்ள பிரப் நினைவாலயம் அவ்வரலாற்றின் சான்றாக நிற்கிறது. இப்பகுதியின் சீர்திருத்தச் சபைகளில் உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் கணிசமாகச் சேர்ந்தனர். அவர்கள் கேட்ட விவிலியத் தமிழில் செல்வனுக்குரிய சொல் ‘ஐசுவரியவான்’. அவர்கள் வயலில் கண்ட செல்வனுக்குரிய சொல் ‘பண்ணாடி’. இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தொலைவும் நெருக்கமும் இச்சொல்லாய்வுக்கு ஒரு பயனுள்ள களத்தைத் தருகின்றன.

மூலமொழிகளில் செல்வன்

எபிரேய மொழியில் செல்வனுக்குரிய பொதுச்சொல் ‘ஆஷீர்’ என்பதாகும். இதன் வேரெழுத்துகளும் பத்து, பத்திலொரு பங்கு ஆகியவற்றைச் சுட்டும் சொற்களின் வேரெழுத்துகளும் எழுத்தில் ஒன்றுபோலவே தோன்றும். புள்ளிக் குறியீட்டாலும் ஒலிப்பாலும் மட்டுமே வேறுபடும். இவ்வொப்புமையைப் பயன்படுத்தியே யூத ஆசிரியர்கள், பத்திலொரு பங்கு கொடுப்பவன் செல்வனாவான் என்னும் சொல்லாடலை அமைத்தனர். செல்வத்தைக் கொடையோடு பிணைக்கும் விளக்கம் இது; வேர்ச்சொல் வழியான பிறப்பாக இதனைக் கொள்ளுதல் ஆகாது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘புளூசியோஸ்’. இது செல்வத்தைக் குறிக்கும் ‘புளூட்டோஸ்’ என்பதன் அடியாகப் பிறந்தது. இதனைப் பெருகுதல், நிறைதல் என்னும் கருத்துகளோடு சொல்லாய்வாளர் தொடர்புபடுத்துவர்.

இலத்தீன் விவிலியத்தில் இதற்கு நேராக நிற்பது ‘தீவெஸ்’ என்னும் சொல். லூக்கா 16இல் வரும் செல்வனுக்கு மூலநூல் பெயர் தரவில்லை. ஆயினும் இடைக்கால ஐரோப்பாவில் ‘தீவெஸ்’ என்பதையே அவனுடைய இயற்பெயராகக் கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. பொதுப்பெயர் ஒன்று சிறப்புப்பெயராக மாறிய இந்நிகழ்வு, கதைமாந்தனின் செல்வநிலையே அவன் அடையாளமாக உணரப்பட்டமையைக் காட்டும். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம இலக்கண அறிஞர் வாரோ, இலத்தீன் மொழி பற்றிய தம் நூலில் இச்சொல்லைத் தெய்வத்தன்மையைக் குறிக்கும் ‘தீவுஸ்’ என்பதிலிருந்து பிறந்ததாக விளக்கினார். தெய்வத்துக்கு எக்குறையும் இல்லாதவாறு செல்வனுக்கும் எதுவும் குறைவதில்லை எனத் தோன்றுவதே அவர் காட்டிய காரணம். பிற்கால மொழியியலாருள் சிலரும் இவ்விரு சொற்களின் உறவை ஏற்பர்.

வாரோவின் இவ்விளக்கம் தமிழ்ச் சொல்லாய்வுக்கு நேரடியாகப் பயன்படுவது. எபிரேயச் சொல்லிலும் கிரேக்கச் சொல்லிலும் இல்லாத ஒரு கூறு, அதாவது செல்வனைத் தெய்வத்தோடு பிணைக்கும் கூறு, இலத்தீனச் சொல்லில் இருப்பதாகக் கருதப்பட்டது. அதே கூறு தமிழ்ச் சொல்லில் ஐயத்துக்கு இடமின்றி உள்ளது.

சொல்லின் ஆக்கம்

‘ஐசுவரியவான்’ என்பது மூன்று அடுக்குகளைக் கொண்டது. அடிநிலையில் உள்ளது உடைத்தாதல், ஆளுதல், வல்லனாதல் என்னும் பொருள்களைத் தரும் ‘ஈஸ்’ என்னும் வடமொழி வினையடி. அதனின்று பிறந்த ‘ஈசுவர’ என்பது தொடக்கத்தில் உடையவன், ஆளவல்லவன், தலைவன் என்னும் பொருள்களில் வழங்கி, பின்னர் முழுமுதற் கடவுளுக்குரிய பெயராயிற்று. ‘ஈசுவர’ என்பதன் முதலுயிர் ஐகாரமாகத் திரிந்து, தன்மையைக் குறிக்கும் ஈறு பெற்று அமைந்ததே ‘ஐசுவரிய’ என்னும் சொல். முதலுயிர் இவ்வாறு திரிவதைத் தமிழ் இலக்கண மரபு ‘ஆதிவிருத்தி’ என்று குறிக்கும். பெயரினின்று பெயர் பிறக்கும் இவ்வகை ஆக்கத்தை வீரசோழியம் தத்திதப் படலத்தில் கூறும். எனவே ‘ஐசுவரியம்’ என்பதன் நேர்ப்பொருள் ஈசுவரத்தன்மை, அதாவது ஆளுந்தன்மை ஆகும்.

இச்சொல் தமிழெழுத்துக்கு ஏற்பத் திரிந்த முறையும் நோக்கத்தக்கது. வடமொழி மெய்ம்மயக்கங்களில் யகர ரகர லகரங்கள் இணைந்து வருமிடத்து இகரமும், மகர வகரங்கள் இணைந்து வருமிடத்து உகரமும் இடையே தோன்றும் என்பது நன்னூல் கூறும் நெறி. சகரமெய்யோடு வகரம் இணைந்த இடத்தில் உகரம் தோன்றிச் ‘சுவ’ என்றும், ரகரமெய்யோடு யகரம் இணைந்த இடத்தில் இகரம் தோன்றி ‘ரிய’ என்றும் ஆயின. ஒரே சொல்லில் அந்நெறியின் இரு கூறுகளும் செயற்பட்டுள்ளன. ஆதலின் ‘ஐசுவரியம்’ இலக்கண நெறிப்படி தமிழாக்கம் பெற்ற தற்பவச் சொல்லாகும்.

மூன்றாம் அடுக்கு ‘வான்’ என்னும் ஈறு. உடைமையைக் குறிக்கும் வடமொழி ஈறுகள் இரண்டு. அகர ஆகார ஈற்றுச் சொற்களின் பின் ‘வத்’ என்பதும், இகர ஈகார ஈறு முதலியவற்றின் பின் ‘மத்’ என்பதும் வரும். அவற்றின் ஆண்பால் எழுவாய் வடிவங்களே தமிழில் ‘வான்’, ‘மான்’ என நிலைபெற்றன. தனவான், பலவான், பாக்கியவான் ஆகியன முதல் வகை. நீதிமான், புத்திமான், சீமான் ஆகியன இரண்டாம் வகை. ‘கல்வி’ என்னும் தமிழ்ச்சொல் இகர ஈறாய் இருத்தலின் ‘கல்விமான்’ என மான் ஈற்றையே பெற்றது. இவ்வீறுகளைத் தமிழ் தன்னுடைய ஆக்க உறுப்புகளாகவே ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று. வடமொழிப் பன்மை வடிவத்தின் வழியாக ‘தனவந்தர்’ போன்ற சொற்களும் வந்தன. எனினும் விவிலியத் தமிழ் ‘ஐசுவரியவான்கள்’ எனத் தமிழ்ப் பன்மை ஈற்றையே சேர்த்தது.

‘வான்’ ஈறு ஆண்பால் ஒருமையில் உயர்வு குறியாது நிற்பது. இதனால் இறைவனைப் பற்றிப் பேசுமிடத்து அவ்வடிவம் பொருந்துவதில்லை. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் இறைவன் இரக்கத்தில் ‘ஐசுவரியமுள்ளவர்’ எனவும், ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ‘ஐசுவரியசம்பன்னர்’ எனவும் சுட்டப்படுகிறார். ஒரே அடிச்சொல் மனிதனுக்கும் இறைவனுக்கும் பொதுவாக நிற்க, ஈறு மட்டும் வேறுபட்டது.

ஆட்சியிலிருந்து உடைமைக்கு

‘ஐசுவரியம்’ என்பதன் பொருள் வரலாறு இரு வழிகளில் சென்றது. சமய மெய்யியலில் அது ஆளுந்தன்மை என்னும் முதற்பொருளை இழக்கவில்லை. ஞானம், சக்தி, பலம், ஐசுவரியம், வீரியம், தேசு என்னும் ஆறு குணங்களை வைணவ மரபு இறைவனுக்கு உரியனவாகக் கூறும். அங்கு ஐசுவரியம் என்பது தடையற்ற தலைமையே, பொருட்செல்வம் அன்று.

உலகவழக்கில் அது செல்வம் என்னும் பொருளுக்கு நகர்ந்தது. இந்நகர்வு எவ்வழியாக நிகழ்ந்தது என்பதை ‘அட்ட ஐசுவரியம்’ என்னும் தொகைப்பெயர் தெளிவாக்குகிறது. இராசாங்கம், மக்கள், சுற்றம், பொன், மணி, நெல், வாகனம், அடிமை என்பது அதன் ஒரு வரிசை. பொன்னும் மணியும் நெல்லும் இவ்வரிசையின் நடுவே வருகின்றன. தொடக்கத்தில் அரசாட்சி நிற்கிறது. இறுதியில் அடிமை நிற்கிறது. பொருள்களை உடைமையும் மனிதர்களை ஆளுதலும் ஒரே சொல்லின் கீழ் எண்ணப்பட்ட காலத்தை இவ்வரிசை காட்டுகிறது. பிற்காலத்தில் அரசாட்சியும் அடிமையும் கழன்றுவிடப் பொன்னும் மணியும் மட்டும் சொல்லில் எஞ்சின.

இப்பொருள் நகர்வு வடசொல்லுக்கு மட்டும் உரியதன்று. தமிழில் ‘கிழமை’ என்பது உரிமை. ‘கிழவன்’, ‘கிழார்’ என்பன உரியவன், தலைவன் என்னும் பொருளின. ஆறாம் வேற்றுமையின் பொருளே கிழமை எனப்படுகிறது. ‘உடையார்’ என்னும் சொல் உடைமையிலிருந்து தலைமைக்கும், தலைமையிலிருந்து இறைமைக்கும் உயர்ந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது மன்னர்க்கும் கோயில் இறைவர்க்கும் பொதுவாக வரும். ‘ஆள்’ என்னும் வினையடி ‘ஆண்டவன்’ என்னும் இறைப்பெயரையும், உழவுத் தொழிலாளி தன் முதலாளியை அழைத்த ‘ஆண்டை’ என்னும் விளியையும் தந்தது. உடையவன், ஆள்பவன், இறைவன் ஆகிய மூவரும் ஒரு சொற்குடும்பத்தில் அடங்குவது வடமொழி, தமிழ் ஆகிய இரண்டிலும் ஒத்த நிகழ்வாகும்.

இறைப்பெயரில் நீங்கிச் செல்வப்பெயரில் தங்கியது

தமிழ்க் கிறித்தவ எழுத்தில் ‘ஈசுவரன்’ என்னும் சொல் நெடிய வரலாறு உடையது. மதுரையில் பணியாற்றியவரும் 1623இல் கொங்குநாட்டின் எல்லையிலுள்ள சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தவருமான இராபர்ட் தெ நொபிலி (தத்துவ போதகர்) தம் உரைநடை நூல்களில் இறைவனைச் ‘சருவேசுரன்’ என்னும் சொல்லால் சுட்டினார். எல்லாவற்றுக்கும் ஈசுவரன் என்பது அதன் பொருள். 1714-15ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடும் அச்சொல்லையே ஏற்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பு அதனை விலக்கிப் ‘பராபரன்’ என்பதைக் கொண்டது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் உருவாகி 1871இல் முழுநூலாக வெளிவந்த மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்பதைத் தேர்ந்தது. இதுவே இன்று ‘பழைய மொழிபெயர்ப்பு’ என வழங்குகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்னும் சொல்லை நிலைநிறுத்தியது.

இவ்வரிசையில் ‘ஈசுவரன்’ நீங்கியதற்கு அச்சொல் சைவ மரபில் சிவபெருமானுக்குரிய பெயராக வேரூன்றியிருந்தமை முதன்மைக் காரணமாகும். மொழிபெயர்ப்பாளர் அதனைத் தெரிந்தே தவிர்த்தனர். ஆயின் அதே சொல்லின் வழித்தோன்றலாகிய ‘ஐசுவரியம்’ எவ்வித விவாதமும் இன்றிப் பழைய மொழிபெயர்ப்பு முழுவதும் பரவி நின்றது. இறைப்பெயரில் உறுத்தலாக உணரப்பட்ட சொல், செல்வப்பெயருக்குள் இருந்தபோது எவர் கண்ணிலும் படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ‘ஐசுவரியம்’ என்பது பேச்சுவழக்கில் செல்வம் என்றே முழுமையாகப் பொருள்பட்டுவிட்டது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஒரு சொல்லின் பிறப்பே அதன் பொருளாகிவிடாது. பிறப்பு மறக்கப்பட்ட சொல்லுக்குப் பழம்பொருளை வலிந்து ஏற்றுவது சொல்லாய்வில் அடிக்கடி நேரும் பிழை. ஆதலின் ‘ஐசுவரியவான்’ என்னும் சொல்லில் ஆளுந்தன்மை இன்னும் உணரப்படுகிறதா என்பதை, அச்சொல் ஆளப்பட்ட இடங்களைக் கொண்டே முடிவுசெய்தல் வேண்டும்.

பழைய மொழிபெயர்ப்பின் சொற்பங்கீடு

பழைய மொழிபெயர்ப்பு செல்வமுடையார் அனைவரையும் ஒரே சொல்லால் சுட்டவில்லை. ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் ஆபிராம் ‘சீமான்’ எனப்படுகிறான். அங்குள்ள எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் ‘கனமானவன்’ என்பது. கனத்தையும் மாட்சியையும் ஒரே வேர் குறிக்கும் மொழி எபிரேயம். ‘திரு’ எனப்படும் செல்வத்தையும் மாட்சியையும் ஒருங்கே குறிக்கும் ‘ஸ்ரீ’யின் அடியாகப் பிறந்த ‘சீமான்’ அதற்குப் பொருத்தமாகவே அமைந்தது.

ரூத்தின் கதையில் வரும் போவாஸ் ‘ஆஸ்திக்காரன்’. அங்குள்ள எபிரேயத் தொடர் ஆற்றலும் வளமும் ஒருங்கே உடையவனைக் குறிப்பது. ‘ஆஸ்தி’ என்பதை ‘உள்ளது’ எனப் பொருள்படும் வடமொழி வினைவடிவத்தோடு தொடர்புபடுத்துவர். அவ்வாறாயின் ‘உள்ளவன்’, ‘இல்லான்’ என்னும் தமிழ் வழக்கோடு அது ஒத்து நிற்கும்.

சாமுவேலின் முதல் புத்தகம் 25ஆம் அதிகாரத்தில் மூவாயிரம் செம்மறிகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் உடைய நாபால் ‘மகா பாரிக்குடித்தனக்காரன்’ எனப்படுகிறான். எபிரேயம் அவனைப் ‘பெரியவன்’ என்று மட்டுமே கூறும். ஆடு மாடும் ஆளும் நிலமும் கூடிய பெருங்குடித்தனத்தைக் கண்ணாரக் கண்ட தமிழரின் துணையின்றி இச்சொல் அவ்விடத்தில் அமைந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வாறு மந்தை, நிலம், குடித்தனம் ஆகியவற்றால் அறியப்படும் செல்வர்க்கு வெவ்வேறு சொற்கள் வந்தன. ‘ஆஷீர்’, ‘புளூசியோஸ்’ என்னும் சொற்கள் வருமிடங்களில் ‘ஐசுவரியவான்’ வந்தது. ஈசாக்கு செழித்ததைக் கூறும் ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் எபிரேயம் பெரியவனாதலையே குறித்தும் தமிழில் ‘ஐசுவரியவானாகி’ என வருவது ஒரு விலக்கு. ஆயினும் அவ்விடத்தில் உடனே தொடர்வது அண்டை மக்களின் பொறாமையும், தம்மினும் வலியவனாகிவிட்டான் எனக் கருதி அரசன் அவனை அகலச்சொல்வதும் ஆகும். செல்வம் வலிமையாக உணரப்படும் இடமே அது.

இவ்வுணர்வு ஏனைய இடங்களிலும் காணப்படுகிறது. தாவீதுக்கு நாத்தான் கூறிய கதையில், மந்தை நிறைந்த ஐசுவரியவான் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொள்கிறான். அவனுடைய குற்றம் உடைமை அன்று. பிறனுடையதையும் தனதாகக் கொள்ளும் ஆற்றல். நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தில் ஐசுவரியவானுக்கும் தரித்திரனுக்கும் உள்ள உறவு ‘ஆளுதல்’ என்னும் வினையாலேயே கூறப்படுகிறது; கடன் வாங்கியவனின் அடிமைநிலை அதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. யாக்கோபின் நிருபம் ஐசுவரியவான்களை ஒடுக்குபவராகவும் வழக்குமன்றத்துக்கு இழுப்பவராகவும் காட்டுகிறது. லூக்கா 16ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் ஐசுவரியவானுக்கு ‘உக்கிராணக்காரன்’ ஒருவன் உண்டு. உக்கிராணம் என்பது பண்டசாலை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பெருமனைக்கும் உரிய அச்சொல், அந்தச் செல்வனின் இல்லம் எத்தகையது என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரம் இவ்வகையில் சிறப்பாகக் கருதத்தக்கது. லவோதிக்கேயா சபை தன்னை ‘ஐசுவரியவான்’ என்றும் ‘திரவியசம்பன்னன்’ என்றும் கூறிக்கொள்வதோடு, தனக்கு ஒரு குறைவும் இல்லை என்றும் எண்ணுகிறது. குறைவின்மையே தெய்வத்தின் இயல்பு. அதனைப் போன்று தோன்றுவதாலேயே செல்வன் அப்பெயர் பெற்றான் என்னும் வாரோவின் விளக்கம் இங்கு நினைக்கத்தக்கது. கண்டிக்கப்படுவது பொருள் சேர்ந்தமை அன்று; தன்னிறைவு என்னும் எண்ணமே. பிறப்பால் ஈசுவரத்தன்மையைச் சுட்டும் சொல், ஈசுவரத்தன்மையைத் தனக்கு ஏற்றிக்கொண்ட மனிதனுக்கு இவ்விடத்தில் மிகப் பொருந்துகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருதிச் செய்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. சொல்லின் பழம்பொருளும் பனுவலின் கருத்தும் ஒரே இடத்தில் சந்தித்தன என்பதே கூறத்தக்கது.

லாசருவின் கதை இவ்வேறுபாட்டை முழுமையாக்குகிறது. ‘லாசரு’ என்பது ‘இறைவன் துணைசெய்தான்’ எனப் பொருள்படும் ‘எலெயாசார்’ என்னும் எபிரேயப் பெயரின் குறுக்கம். ஏழைக்குப் பெயர் உண்டு. அப்பெயர் இறைவனின் துணையைச் சுட்டுகிறது. செல்வனுக்குப் பெயர் இல்லை. தமிழில் அவனைச் சுட்டும் பொதுச்சொல்லுக்குள் ஈசுவரன் இருக்கிறான். இறந்தபின் லாசரு சேர்க்கப்படும் இடம் ஆபிரகாமின் மடி. அந்த ஆபிரகாமும் பெருஞ்செல்வன் என்பதை அகுஸ்தீனார் முதலிய பழைய உரையாளர் சுட்டி, இக்கதை செல்வத்தையே கண்டிப்பதாகாது என விளக்கினர். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பவருக்கு இவ்விளக்கம் சொல்லிலேயே கிடைக்கிறது. மடியில் ஏற்பவன் சீமான். வாசலில் கிடந்தவனைக் காணாதவன் ஐசுவரியவான்.

‘செல்வர்’ என்னும் மாற்றம்

1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு புதிய ஏற்பாட்டு உவமைகளில் ‘செல்வர்’ என்னும் சொல்லை ஆண்டது. வடசொல் மிகுதியைக் குறைத்து இக்காலத் தமிழுக்கு நெருங்கிய நடையில் விவிலியத்தைத் தருவது அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது என்பதில் ஐயமில்லை. ‘செல்வர்’ எளிமையானது, எவருக்கும் விளங்குவது, மரியாதைப் பன்மையால் கதைமாந்தரை இழிவின்றிச் சுட்டுவது.

‘செல்வம்’ என்பதை நிலையாது செல்லும் இயல்புடையது என்று விளக்குவது வழிவழி மரபு. ‘ஆணை செல்லும்’, ‘செல்வாக்கு’ ஆகிய வழக்குகளோ ‘செல்’ என்பதற்குத் தடையின்றி நடத்தல், ஏற்கப்படுதல் என்னும் பொருளும் உண்டென்பதைக் காட்டுகின்றன. சங்ககாலத்தில் ‘செல்வன்’ தலைவனையும் இறைவனையும் குறித்தது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடிய சேரமன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன். அப்பத்தில் இடம்பெறும் கொடுமணம் என்னும் ஊர், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் என அறிஞர் கொள்வர். காவிரிக் கரையிலுள்ள புகளூர் ஆறுநாட்டார் மலைத் தமிழிக் கல்வெட்டில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ என்னும் பெயர் காணப்படுகிறது. அவனே செல்வக்கடுங்கோ என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கொங்குநாட்டின் பழமையான எழுத்துச் சான்றொன்றில் ‘செல்’ என்னும் அடி அரசனின் பெயரோடு ஒட்டி நிற்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே ‘செல்வன்’, ‘ஐசுவரியவான்’ ஆகிய இரண்டும் ஒரே பாதையில் வந்தவை. இரண்டும் ஆட்சியிலிருந்து உடைமைக்குக் குறுகின. ஆயின் இன்று ‘செல்வன்’, ‘செல்வி’ என்பன மணமாகா இளையோர்க்கு அழைப்பிதழ்களில் இடும் அன்புச் சொற்களாகிவிட்டன. ‘செல்வர்’ என்பதில் தலைமைச் சாயல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை இட்டமையால் இழப்பு நேர்ந்தது என்று கூறுவது பொருந்தாது. உடைமையையும் ஆட்சியையும் ஒருங்கே சுட்டும் தமிழ்ச்சொற்கள் பல இருக்க, உடைமையை மட்டும் சுட்டுமாறு குறுகிய சொல் தேர்வுபெற்றமையாலேயே அவ்விழப்பு நேர்ந்தது.

கொங்கு வழக்குச் சொற்கள் காட்டும் வழி

உடைமையும் ஆட்சியும் பிரியாத சொற்களைக் கொங்கு வழக்கு இன்னும் காத்து வைத்துள்ளது. ‘காணி’ என்பது வழிவழி நிலவுரிமை. காணியாளர் நிலத்துக்கு மட்டும் உரியவரல்லர். ஊரின் முதன்மையும் கோயில் மரியாதையும் அவ்வுரிமையோடு சேர்ந்தே வந்தன. பழையகோட்டை, சங்கரண்டாம்பாளையம் முதலிய இடங்களின் தலைவர்க்கு வழங்கிய ‘பட்டக்காரர்’ என்னும் சொல் பட்டம் எனப்படும் தலைமையையே முன்னிறுத்துகிறது. அவர்களுடைய செல்வம் அச்சொல்லில் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. தலைமையைச் சொன்னபோதே செல்வமும் பெறப்பட்டது.

‘பண்ணையம்’ என்பது வேளாண்மை நடத்துதல். பண்ணையம் நடத்தும் நிலவுடைமையாளரை உழைப்பாளர் ‘பண்ணாடி’ என்று அழைத்தனர். இது படர்க்கைச் சொல்லாக மட்டுமின்றி விளியாகவும் வழங்கியது. ‘ஐசுவரியவான்’, ‘செல்வர்’ என்பவற்றைக் கொண்டு எவரும் எவரையும் நேரில் அழைப்பதில்லை. அவை ஒருவனின் நிலையை வெளியே நின்று வருணிப்பவை. ‘பண்ணாடி’ என்பதோ அழைப்பவனின் நிலையையும் உடன் அறிவிக்கும் சொல். பண்ணாடி என ஒருவர் அழைக்கப்படும் இடத்தில் பண்ணையாள் ஒருவர் நிற்கிறார். உடைமை என்பது மனிதனுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு மட்டுமன்று. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவும் ஆகும் என்பதை இவ்விளி எடுத்துக்காட்டுகிறது.

‘அட்ட ஐசுவரிய’ வரிசையின் இறுதியில் ‘அடிமை’ நின்றதன் பொருளும் இதுவே. நிலம் நன்கு விளைந்தபோது களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த லூக்கா 12ஆம் அதிகாரத்தின் செல்வன், கொங்குநாட்டு உழைப்பாளர்க்கு அயலான் அல்லன். அவர்கள் கேட்ட வடசொல் அறிமுகமற்றதாய் இருந்திருக்கலாம்; அச்சொல் சுட்டிய மனிதனை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பனுவலில் அச்சொல்லைச் சூழ்ந்து வரும் ஆளுதல், எடுத்துக்கொள்ளுதல், இழுத்துச் செல்லுதல் முதலிய வினைகளே அதன் பொருளை அவர்க்கு விளக்கப் போதுமானவை.

‘பண்ணாடி’ என்பதை விவிலிய மொழிபெயர்ப்பில் இட வேண்டும் என்பது இவ்வொப்பீட்டின் முடிவன்று. வட்டாரச் சொல் ஒன்று எல்லாத் தமிழர்க்கும் உரிய நூலில் நிற்க இயலாது. யூதேய நாட்டுச் செல்வனைக் கொங்குநாட்டு நிலக்கிழாராக மாற்றிவிடுவதும் மொழிபெயர்ப்பு நெறிக்கு ஏற்றதன்று. மூலச்சொல்லின் சமூகப் பொருளை விளக்கும் குறிப்புரைக்கும் அகராதிக்கும் வட்டார வழக்கு வலுவான துணையாகும் என்பதே இங்குப் பெறப்படுவது.

முடிவுரை

‘ஐசுவரியவான்’ என்பது ஈசுவரத்தன்மை உடையவன் என்னும் ஆக்கப்பொருளைக் கொண்டு, ஆட்சியினின்று உடைமைக்கு நகர்ந்து, 19ஆம் நூற்றாண்டுக்குள் செல்வன் என்னும் பொருளில் நிலைபெற்ற தற்பவச் சொல். சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என இறைப்பெயர் மாறிவந்த வரலாற்றில் விலக்கப்பட்ட ‘ஈசுவரன்’, செல்வனைச் சுட்டும் சொல்லுக்குள் எவராலும் கவனிக்கப்படாமல் தங்கிற்று. இலத்தீனத்தில் வாரோ கண்ட செல்வன்–தெய்வம் உறவு இதற்கு இணையான ஒரு சான்றாகும்.

பழைய மொழிபெயர்ப்பு சீமான், ஆஸ்திக்காரன், பாரிக்குடித்தனக்காரன், ஐசுவரியவான் எனச் செல்வரை வகைப்படுத்திச் சுட்டியது. இவற்றுள் ஐசுவரியவான் பெரும்பாலும் ஆளும் ஆற்றலும் குறைவின்மை என்னும் எண்ணமும் விசாரணைக்கு உள்ளாகும் இடங்களில் வருகிறது. எனவே அச்சொல்லைப் ‘பணக்காரன்’ என்று மட்டும் பொருள்கொள்ளும் அகராதிப் பதிவு நிறைவுடையதன்று. விவிலியச் சொல்லகராதியில் இச்சொல்லுக்கு ‘பொருளுடைமையால் பிறர்மேல் ஆட்சி உடையவன்’ என்னும் பொருளும் சேர்க்கப்படுதல் வேண்டும். தரித்திரன், கூலியாள், ஊழியக்காரன் முதலான எதிர்நிலைச் சொற்களும் இவ்வாறே வட்டார வழக்கோடு ஒப்பிட்டு ஆராயப்படுமாயின், விவிலியத் தமிழின் சமூகச் சொல்வளம் முழுமையாக வெளிப்படும்.